இங்கிலாந்தில் மாற்றுத்திறனாளி ஒருவர் தன் உதவியாளரைத் தானே அமர்த்திக்கொள்ள முடியுமா?

முடியும். 'டைரக்ட் பேமென்ட்' என்பார்கள். உள்ளாட்சி மன்றம் அவருடைய தேவையை மதிப்பிட்டு, ஆள் அனுப்புவதற்குப் பதிலாக அதற்கான தொகையை அவரிடமே தந்துவிடுகிறது. காலை எத்தனை மணிக்கு எழுவது, குளிக்க யார் கைகொடுப்பது என்பதை அவரே தீர்மானிக்கிறார். எனக்கு இதுதான் பெரிய விஷயம். யாரோ வரும் நேரத்துக்காகப் படுக்கையிலேயே காத்துக் கிடப்பது கொடுமை.

ஹாம்ப்ஷயரில் லெ கோர்ட் என்ற காப்பகத்தில் வசித்தவர்கள் 1970களின் கடைசியிலேயே இதற்குப் போராடத் தொடங்கினார்கள். 1996இல் சட்டம் வந்தது.

ஆனால் ஆளை நீங்களே வைத்தால் முதலாளியும் நீங்கள்தான். சம்பளம், விடுப்பு, காப்பீடு எல்லாம் உங்கள் பொறுப்பு. சம்பளக் கணக்குக்கு உதவ அமைப்புகள் உண்டு. ஒரே வீட்டில் வாழும் கணவன் அல்லது மனைவியைச் சம்பளத்துக்கு வைக்கப் பொதுவாக அனுமதியில்லை.