கொம்பைக் காட்டி வரும் புரோக்கர்

கேள்வி: என் 40 ஏக்கர் நிலத்தில் நட்ட மரக்கன்றுகளை மான்கள் மேய்ந்துவிடுகின்றன. 'தீனித்தொட்டி வைத்து வேட்டைக்காரர்களை அழைத்து வருகிறேன். பெரிய கொம்புள்ள ஆண்களை மட்டும் எடுத்துக்கொள்கிறோம், பணமும் தருகிறோம்' என்கிறார் ஒரு புரோக்கர். ஒத்துக்கொள்ளலாமா?

பதில்: வேண்டாம். அவர் காசு கொடுப்பது கொம்புக்கு. உங்கள் கன்றுகளுக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. ஓர் ஆண் மான் பல பெண் மான்களோடு சேரும். பத்தில் ஆறு ஆண்கள் போனாலும் மிச்சமுள்ள நாலு போதும், குட்டிகள் வழக்கம்போலப் பிறக்கும். பெண் மான்கள் குறையாமல் மந்தை குறையாது. புரோக்கர் இதைச் சொல்ல மாட்டார். மந்தை குறைந்தால் அடுத்த வருஷம் அவருக்கு ஏது வியாபாரம்?

தீனித்தொட்டி அதைவிட மோசம். அக்கம்பக்கத்து மான்களும் வந்து, ஒரே தொட்டியில் வாய் வைத்து நோயைப் பரப்பிக்கொள்ளும். தழை தின்று பழகிய வயிற்றில் திடீரென்று தானியம் நிறையப் போனால் அமிலம் ஏறி மான் செத்தே போகும். 'பிடித்து வேறு காட்டில் விடுகிறேன்' என்று இன்னொருவர் வருவார். துரத்திப் பிடித்த மான் தசை சிதைந்து சில நாள் கழித்துக்கூடச் சாகும். அதற்குள் அவர் பணத்தை வாங்கியிருப்பார்.

முதலில், மேய்வது மான்தானா என்று பாருங்கள். மானுக்கு மேல்வரிசை முன்பற்கள் கிடையாது, கடித்து இழுக்கும். தண்டின் நுனி நார் நாராகப் பிய்ந்திருந்தால் மான். கத்தியால் சாய்வாகச் சீவினாற்போல் இருந்தால் முயல். (ஆடும் பிய்த்துத்தான் தின்னும், பக்கத்து வீட்டுக்காரரை நானும் சந்தேகிக்கச் சொல்லவில்லை.) அப்புறம், நிலத்தில் ஒரு சின்னப் பகுதியைச் சுற்றி 8 அடி உயரத்துக்குக் கம்பிவலை கட்டுங்கள். 4 அடி வேலியை மான் நின்ற இடத்திலிருந்தே தாண்டிவிடும். ஒரு வருஷம் கழித்து வலைக்கு உள்ளே முளைத்ததையும் வெளியே முளைத்ததையும் பார்த்தால் சேதம் எவ்வளவு என்பது தெரிந்துவிடும்.

மான்களைச் சுட்டுக் குறைத்தே ஆக வேண்டும் என்றால் அரசிடம் அனுமதி வாங்குங்கள். உங்கள் நிலத்தில் நின்றாலும் மான் உங்கள் சொத்தில்லை. விண்ணப்பத்தில் 'நிலத்திலுள்ள மான்களின் எண்ணிக்கை' என்று கேட்டால், ராத்திரி பக்கத்து நிலத்திலும் பகலில் உங்கள் நிலத்திலும் இருக்கும் மானை எந்தக் கணக்கில் எழுதுவது? கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது. அண்டை நிலக்காரர்களோடு சேர்ந்தே விண்ணப்பியுங்கள்.

பெண் மானைச் சுட அனுமதி கிடைத்தாலும், குட்டி போட்டுப் பால் கொடுக்கும் காலத்தில் தொடாதீர்கள். பால்குடிக் குட்டி மணிக்கணக்கில் புல்லுக்குள் அசையாமல் படுத்திருக்கும், தாய் தள்ளிப்போய் மேயும். ஆகவே தனியாக நிற்கிற பெண் மானுக்குக் குட்டி இல்லை என்று நினைக்காதீர்கள். 'பக்கத்தில் குட்டியே இல்லையே, பார்த்துவிட்டுத்தான் சுட்டோம்' என்று சொல்பவர்களும் பார்த்தது தாயை மட்டும்தான். அதேபோல, புல்லில் தனியே கிடக்கும் குட்டியை அநாதை என்று வீட்டுக்குத் தூக்கி வராதீர்கள். தாய் திரும்பி வரும்.