மனிதனுக்கு மிகவும் ஆபத்தான காட்டு உயிர் எது, புலியா யானையா?

காட்டை ஒட்டிய இடத்தில் தங்கப்போகிறீர்கள் போலிருக்கிறது. அதனால்தான் கேள்வியைப் புலி, யானையோடு நிறுத்திவிட்டீர்கள். யானை சாது என்று நான் சொல்ல வரவில்லை. இந்தியாவில் ஆண்டுதோறும் சுமார் 500 பேர் யானை தாக்கி இறக்கிறார்கள். ஆனால் 2000 முதல் 2019 வரை பாம்புக்கடியால் ஏறத்தாழ 12 லட்சம் பேர் இங்கே இறந்ததாக ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். ஆண்டுக்குச் சராசரியாக 58,000 உயிர்கள்.

அந்தக் கணக்கில் என் தம்பியும் சேர்ந்திருக்க வேண்டியவன்.

2011 மழைக்காலம். தரையில் பாய் விரித்துத் தூங்கியவன், நடுச்சாமத்தில் வயிறு வலிக்கிறது என்று எழுந்தான். அஜீரணம் என்று அம்மா வெந்நீர் கொடுத்தாள். விடியும் நேரம் என்னைப் பார்க்கத் தாடையை உயர்த்தினான். இமைகள் பாதிக்கு மேல் ஏறவில்லை. எச்சிலை விழுங்க முடியாமல் தோளில் துடைத்துக்கொண்டே இருந்தான். உடம்பெங்கும் தேடினோம். கடிவாயும் இல்லை, வீக்கமும் இல்லை. பாயைச் சுருட்டிய அப்பாதான் அலறினார். கறுப்பு உடம்பில் மெல்லிய வெள்ளை வளையங்கள். கட்டுவிரியன். பீரோவுக்கு அடியில் நழுவிவிட்டது. அதன் கடி தூங்குகிறவனுக்குப் பெரும்பாலும் உறைப்பதே இல்லை.

பெரியப்பா வீட்டு வாசலில் கார் நின்றது. சாவியைக் காணோம் என்றார். அடுத்த வாரம் அதே காரில் தம்பியைப் பார்க்க வந்தார். கேள்விக்கு இது சம்பந்தமில்லை என்று யாராவது சொல்லலாம். எனக்குச் சம்பந்தம் இருக்கிறது.

ஆட்டோவில் போய்ச் சேர்ந்த முதல் மருத்துவமனையில், "பாம்பை அடித்துக் கொண்டுவந்தீர்களா?" என்று கேட்டே அரை மணி நேரத்தைப் போக்கினார்கள். நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் நம் நாட்டில் ஒரே விஷமுறிவு மருந்துதான்; அறிகுறியைப் பார்த்தே கொடுத்துவிடலாம். நான் டாக்டர் இல்லை. இரண்டாவது மருத்துவமனையில் அவனைக் காப்பாற்றிய டாக்டர் சொன்னதை எழுதுகிறேன். நான்கு நாள் வென்டிலேட்டரில் கிடந்தான். கண் திறக்கவில்லை, விரல் அசையவில்லை. ஆனால் கட்டிலருகே அம்மா சொல்லி அழுததையெல்லாம் பிறகு வார்த்தை பிசகாமல் சொன்னான்.

புலிக்குப் பயப்பட வேண்டாம் என்று சொல்ல நான் யார்? போகிற இடத்தில் கட்டிலில் படுங்கள். கொசுவலையின் ஓரத்தை மெத்தைக்கு அடியில் நன்றாகச் செருகுங்கள். இரவில் யாருக்காவது வயிறு வலித்து இமை தொங்கினால், கடிவாயைத் தேடிக்கொண்டிருக்காமல் வண்டியைத் தேடுங்கள்.