ஐசி (அடையாள அட்டை) நகல் வாட்ஸ்அப் குழுவில் வருகிறது. கசிந்தால் யார் பொறுப்பு?

கேள்வி: மலேசியாவில், பினாங்கு மாநிலத்துப் பிறையில் ஒரு லோரி கம்பெனியில் சம்பளக் கணக்குப் பார்க்கிறேன். மொத்தம் 80 பேர். ஆவணங்களை ஏற்ற ஆபீஸ் செயலி இருக்கிறது. 90 நாளுக்கு ஒருமுறை கடவுச்சொல்லை மாற்றச் சொல்வதால் சூப்பர்வைசர்கள் அதைத் தொடுவதில்லை. டிரைவர்களின் ஐசி, வங்கிக் கணக்கு எண் எல்லாம் என் சொந்த போனில் உள்ள வாட்ஸ்அப் குழுவுக்கே வருகின்றன. வெளியே போனால் பழி என் மேல் விழுமா ஐயா?

பதில்: பயப்படாதீர்கள் அம்மா. 2010ஆம் ஆண்டு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் தகவலைக் காக்கும் கடமையைக் கம்பெனி மேல்தான் வைத்திருக்கிறது. 2024 திருத்தத்துக்குப் பிறகு அபராதம் 10 லட்சம் ரிங்கிட் வரை போகும். இதை உங்கள் முதலாளி காதில் போட்டு வையுங்கள்.

ஒன்றில் மட்டும் நீங்களும் மாட்டுவீர்கள். கம்பெனியின் சம்மதம் இல்லாமல், தெரிந்தோ பொறுப்பில்லாமலோ அந்தத் தகவலை வெளியே கொடுத்தால் அது உங்கள் சொந்தக் குற்றம். 130ஆம் பிரிவில் 5 லட்சம் ரிங்கிட் வரை அபராதம், 3 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். “டிரைவர் லிஸ்ட் மட்டும் அனுப்புங்க, கமிஷன் தர்றேன்” என்று கடன் ஏஜெண்ட் டீ வாங்கிக் கொடுத்துப் பேசுவான். வேலையை விட்ட பிறகும் கேட்பான், ஏனென்றால் குழுவிலிருந்து உங்களை நீக்கினாலும் படங்கள் உங்கள் கேலரியிலேயே கிடக்கும். ‘சும்மா பெயரும் நம்பரும்தானே’ என்று கொடுத்துவிடாதீர்கள். நண்பருக்கு, மச்சானுக்கு, முன்னாள் மேலாளருக்கு, யாருக்குமே கூடாது.

வாட்ஸ்அப் பூட்டியது, பத்திரமானது என்பார்கள். அந்தப் பூட்டு வழியில் போகும்வரைதான். போய்ச் சேர்ந்த படம் சூப்பர்வைசரின் போனில், பிள்ளையின் பிறந்தநாள் படத்துக்குப் பக்கத்தில் இருக்கும்.

இன்னொரு தொல்லை, பயிற்சி வியாபாரிகள். ‘தரவுப் பாதுகாப்பு அதிகாரி கட்டாயம், சான்றிதழ் வாங்குங்கள்’ என்று 80 பேர் கம்பெனியையும் மிரட்டுகிறார்கள். 2025 ஜூன் முதல் வந்த அந்த விதி, பொதுவாக 20,000 பேருக்கு மேல் தகவல் வைத்திருப்பவர்களுக்கு. சம்பளம், வங்கிக் கணக்கு போன்ற விவரம் என்றால் 10,000 பேருக்கு மேல். காசைக் கொட்டாதீர்கள்.

90 நாள் கடவுச்சொல்லைப் பற்றிக் கேட்டால் எனக்கே கோபம் வருகிறது. அமெரிக்காவின் தர நிர்ணய நிறுவனமே 2017இல் அந்தப் பழக்கம் வேண்டாம் என்று எழுதிவிட்டது. இங்கே இன்னும் ‘பினாங்கு1’, ‘பினாங்கு2’ ஆகி, மஞ்சள் சீட்டில் ஏறி, திரை ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

சரி, நாளைக்கே செய்ய வேண்டியது: வாட்ஸ்அப் படங்கள் தானாகக் கேலரியில் சேர்வதை நிறுத்துங்கள். டிரைவர்களை ஐசி நகலின் குறுக்கே இரண்டு கோடு போட்டு, ‘சம்பளப் பதிவுக்கு மட்டும்’ என்று எழுதி, குழுவில் போடாமல் உங்களுக்குத் தனியாக அனுப்பச் சொல்லுங்கள். கணினியில் ஏற்றியதும் போனில் அழியுங்கள். அப்புறம் மேலாளருக்கு மின்னஞ்சலில் ஒரு வரி: ‘ஆவணங்களை எந்த வழியில் வாங்கட்டும்?’ பதில் வராவிட்டாலும் பரவாயில்லை, அனுப்பியதை மட்டும் அழிக்காதீர்கள்.