மிட்டைக் குறைக்காதீர்கள்: பேஸ் கிட்டார் கேள்வி பதில்

கேள்வி: சர்ச்சில் பேஸ் கிட்டார் வாசிக்கிறேன், ஆம்பும் ஸ்பீக்கரும் ஒரே பெட்டியில் உள்ள 100 வாட் காம்போ ஆம்ப். வீட்டில் தனியாக வாசித்தால் அருமையாக இருக்கிறது. கீபோர்டும் டிரம்ஸும் சேர்ந்ததும் வெறும் அதிர்வுதான், என்ன சுரம் என்றே தெரியவில்லை. அதற்காக ஒரு ப்ரீஆம்ப் பெடல் வாங்கினேன், இப்போது இன்னும் மோசம். பெடல், ஆம்ப் இரண்டிலும் பேஸ் (அடிச்சத்தம்) குமிழ் முக்கால்வாசி, மிட் (நடுச்சத்தம்) கால்வாசி வைத்திருக்கிறேன். பெடலில் கோளாறா? (நாகர்கோவில் வாசகர்)

பதில்: பெடலைத் தூக்கிக்கொண்டு கடைக்கு ஓடாதீர்கள், அது நன்றாகத்தான் இருக்கும். ஆம்பின் முகப்பில் கெயின், பேஸ், மிட், ட்ரெபிள் என்று குமிழ்கள் இருக்கின்றனவே, அதுவே ஒரு ப்ரீஆம்ப்தான். கிட்டாரிலிருந்து வருகிற மெல்லிய சிக்னலைத் தூக்கி, அதற்கு ஒரு குணம் கொடுத்து, உள்ளே இருந்து ஸ்பீக்கரை ஓட்டுகிற பவர் ஆம்பிடம் ஒப்படைப்பது அதன் வேலை. அதற்கு முன்னால் இன்னொன்றை மாட்டியது, அம்மா உப்புப் போட்ட சாம்பாரில் நீங்களும் உப்புப் போட்ட கதை. பெடலில் ஏற்றிய பேஸை ஆம்ப் மறுபடி ஏற்றுகிறது, பெடலில் இறக்கிய மிட்டை மறுபடி இறக்குகிறது.

பேஸை ஏற்றினால் நன்றாகக் கேட்க வேண்டாமா என்பீர்கள். நாலாவது கம்பியை விரல் வைக்காமல் மீட்டினால் வருகிற ஈ சுமார் 41 ஹெர்ட்ஸ். சின்ன காம்போவின் ஸ்பீக்கர் அதைச் சரியாக வெளியே தள்ளுவதில்லை. சின்னது என்ன, ஆம்பெக் எஸ்விடி-810இ என்று 10 அங்குல ஸ்பீக்கர் எட்டு வைத்த நாலடி உயரப் பெட்டி, பேஸ் வாசிப்பவர்கள் ஏக்கத்தோடு பார்க்கிற பெட்டி, அதுவே 58 ஹெர்ட்ஸில் 3 டெசிபல் இறங்கிவிடும், 40-க்கு வருவதற்குள் 10 டெசிபல் போய்விடும். ஆனாலும் அதில் ஈ கம்பி கம்பீரமாகத்தானே கேட்கிறது? காரணம், 82, 123 ஹெர்ட்ஸ் என்று மேலே வருகிற மேற்சுரங்களைக் கேட்டு, கீழே உள்ள 41-ஐ மூளை தானாக நிரப்பிக்கொள்கிறது. நீங்கள் மிட்டை இறக்கும்போது அந்த மேற்சுரங்களில் முக்கியமான பாதியையும் சேர்த்து வெட்டிவிடுகிறீர்கள்.

பவர் கணக்கு ஒன்றும் இருக்கிறது. 3 டெசிபல் கூட்ட இரண்டு மடங்கு பவர் வேண்டும், 6 டெசிபலுக்கு நாலு மடங்கு. 25 வாட்டில் நிம்மதியாக ஓடுகிற ஆம்ப், பேஸை 6 டெசிபல் ஏற்றியதும் அடிச் சுரங்களில் 100 வாட்டைத் தொட்டு மூச்சு முட்டுகிறது. காதில் விழாத சத்தத்துக்கு இருக்கிற பவரெல்லாம் போய்விடுகிறது.

சரி, என்ன செய்யலாம். ஆம்பின் பின்பக்கம் எஃபெக்ட்ஸ் ரிட்டர்ன் என்று ஒரு ஜாக் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் பெடலின் அவுட்புட்டை நேராக அதில் கொடுங்கள். பெரும்பாலான ஆம்புகளில் அப்படிச் செய்தால் முகப்பில் இருக்கிற ப்ரீஆம்ப் வழியிலிருந்தே விலகிவிடும், பெடல் மட்டுமே சத்தத்தை வடிவமைக்கும். ஆனால் முதலில் பெடலின் லெவலைச் சுத்தமாக இறக்கிவிட்டு மெதுவாக ஏற்றுங்கள், சில ஆம்புகளில் அப்போது மாஸ்டர் வால்யூம் வேலை செய்யாது, எடுத்த எடுப்பில் காதைப் பிளந்துவிடும்.

ரிட்டர்ன் இல்லையென்றால், ஆம்பை எதையும் ஏற்றாமல் இறக்காமல் சமமாக வைத்துவிட்டுப் பெடலில் மட்டும் திருத்துங்கள். சமம் என்றால் எல்லாக் குமிழும் நடுவில் என்று நினைத்துவிட வேண்டாம். பழைய ஃபெண்டர் பாணி சர்க்யூட்டில் எல்லாவற்றையும் நடுவில் வைத்தாலே மிட் பள்ளமாகத்தான் இருக்கும். அங்கே சமத்துக்குப் பக்கத்தில் வர வேண்டுமானால் மிட் முழுக்க மேலே, பேஸும் ட்ரெபிளும் நன்றாகக் கீழே. பார்க்க விபரீதமாக இருக்கும், காதை நம்புங்கள். நடுவில் வைத்தால் சமம் என்பது, கூட்டவும் குறைக்கவும் செய்கிற ஆக்டிவ் வகை ஆம்புகளுக்குத்தான் பொருந்தும்.

அப்புறம் பேண்டோடு சேர்ந்து வாசித்துக்கொண்டேதான் குமிழைத் தொட வேண்டும். சத்தம் கொழகொழவென்று இருந்தால் 200, 250 ஹெர்ட்ஸ் பக்கம் கொஞ்சம் குறையுங்கள். சுரம் தெரியவில்லை என்றால் 500-இலிருந்து 800 வரை உள்ள இடத்தை ஏற்றுங்கள். தனியாகக் கேட்டால் மூக்கால் பாடுகிற மாதிரி அசிங்கமாக இருக்கும், பேண்டில் அதுதான் உங்கள் குரல். நானும் ஆரம்பத்தில் இரண்டு வருடம் மிட்டை அடியோடு இறக்கித்தான் வாசித்தேன். ஒரு கல்யாணக் கச்சேரியின் பதிவைக் கேட்டபோது நான் அன்றைக்கு மேடைக்கே வராத மாதிரி இருந்தது.

இன்னொன்று, கீபோர்டுகாரரின் இடது கையையும் கவனியுங்கள். அவர் உங்கள் சுரத்தையே அதே இடத்தில் அழுத்திக்கொண்டிருந்தால் எந்தப் பெடலும் உங்களைக் காப்பாற்றாது. ஒரு டீ வாங்கிக் கொடுத்து, கையை ஒரு ஸ்தாயி மேலே வைக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: சான்ஸ்ஆம்ப் பேஸ் டிரைவர் என்கிற ப்ரீஆம்ப் பெடலில் பிளெண்ட் குமிழ் எதற்கு? முழுக்க ஏற்றி வைத்தால் தப்பா? (மதுரை வாசகர்)

பதில்: தப்பில்லை, தெரிந்து செய்யுங்கள். முழுக்க ஏற்றினால் பெடலின் சர்க்யூட் வழியாக வந்த சத்தம் மட்டும்தான் போகும், இறக்க இறக்க கிட்டாரின் சொந்தச் சத்தமும் கலக்கும். டிரைவை ஏற்றினால் கரகரப்பு வரும், ஆனால் அடிச்சத்தம் மெலிந்து போன மாதிரி தோன்றும், சுத்தமான சிக்னலைக் கொஞ்சம் கலந்தால் அந்தக் கனம் திரும்ப வந்துவிடும். அந்தப் பெடலின் முதல் வடிவத்தில் மிட் குமிழே கிடையாது, அதன் இயல்பே மிட்டைக் கொஞ்சம் பள்ளமாக்குவது, இரண்டாம் வடிவத்தில்தான் மிட் வந்தது. பழையதை வைத்திருப்பவர்களுக்குப் பிளெண்ட்தான் மிட் குமிழ் என்று நான் சொல்வேன். பாதியில் ஆரம்பியுங்கள்.

அது ஆம்ப், ஸ்பீக்கர் இரண்டையும் போலச் செய்து நேராக மிக்ஸருக்குப் போவதற்கென்றே வந்த பெடல் என்பதையும் மறக்க வேண்டாம். அதை ஸ்பீக்கர் உள்ள ஆம்பில் கொடுத்தால் மேல் சத்தம் இரண்டு முறை வடிகட்டப்படும். மங்கலாகத் தோன்றினால், மேல் சத்தத்தைத் தெளிவாக்குகிற பிரெசென்ஸ் குமிழைக் கொஞ்சம் ஏற்றுங்கள்.

கேள்வி: என்னுடையது 9 வோல்ட் பேட்டரி போடுகிற ஆக்டிவ் பேஸ். எனக்கும் வெளி ப்ரீஆம்ப் தேவையா? (கோவை வாசகர்)

பதில்: கட்டாயமில்லை. 1976-இல் மியூசிக் மேன் ஸ்டிங்ரே வந்த காலத்திலிருந்து கிட்டாருக்குள்ளேயே ப்ரீஆம்ப் வைப்பது சகஜம். வெளியே இன்னொன்று வைத்தால் உங்கள் கணக்கில் மூன்று ஆகிறது, நாகர்கோவில்காரருக்குச் சொன்ன உப்புக் கதை உங்களுக்கு ஒரு படி கூடவே பொருந்தும். மிக்ஸருக்கு லைன் கொடுக்க டிஐ (கிட்டார் சிக்னலை மிக்ஸருக்கு ஏற்றதாக மாற்றிக் கொடுக்கிற இணைப்பு) வேண்டும், அல்லது காலால் மிதித்துச் சத்தத்தை மாற்ற வேண்டும் என்றால் வாங்கலாம். வாசித்து முடித்ததும் கிட்டாரிலிருந்து கேபிளைப் பிடுங்கிவிடுங்கள். பெரும்பாலான ஆக்டிவ் கிட்டார்களில் அந்த ஜாக்தான் சுவிட்ச், செருகியபடி விட்டால் பேட்டரி ராத்திரியெல்லாம் ஓடிக்கொண்டிருக்கும்.