தோட்டம் – வாசகர் கேள்வி பதில்: உப்புக் காற்றும் ஐப்பசி மழையும்

கேள்வி: கடலிலிருந்து அரை கிலோமீட்டருக்குள் வீடு. போர் தண்ணீர்தான் ஊற்றுகிறோம். தொட்டி ரோஜாவிலும் செம்பருத்தியிலும் இலை ஓரம் கருகிக்கொண்டே வருகிறது. உரம் பற்றவில்லையா?
– வாசகி, தேவனாம்பட்டினம், கடலூர்

உரத்தில் குறை இல்லை, உப்புதான் மிஞ்சிவிட்டது. அது எந்த வழியாக வருகிறது என்பதை முதலில் பாருங்கள். கடலைப் பார்த்த பக்கத்து இலைகள் மட்டும் கொழுந்து, முற்றல் என்ற வித்தியாசமில்லாமல் கருகினால், காற்றோடு வரும் உப்புத் துளி காரணம். எல்லாப் பக்கமும் அடியிலுள்ள முற்றிய இலைகள் முதலில் நுனியிலிருந்து கருகி, தொட்டி விளிம்பில் வெள்ளைப் பொருக்கும் படிந்திருந்தால், போர் தண்ணீர் காரணம்.

காற்றால் வரும் உப்புக்கு வைத்தியம் எளிது. பலமாகக் கடல் காற்று அடித்த நாள் மாலையிலேயே நல்ல தண்ணீரால் இலைகளைக் கழுவிவிடுங்கள். மறுநாள் வெயிலுக்கு விட்டால் துளி காய்ந்து உப்பு இலையிலேயே தங்கிவிடும்.

தண்ணீர் வழியாக வருவதுதான் தொல்லை. தண்ணீரில் கரைந்துள்ள உப்பின் அளவைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டர் ஒன்று வாங்கி அளந்து பாருங்கள். 500-க்குக் கீழே இருந்தால் கவலையில்லை. 1,000-ஐத் தாண்டினால் ரோஜா தாங்காது. 1,500-க்கு மேல் போனால் அந்தத் தண்ணீருக்கு ஏற்ற செடியைத் தேடுவதுதான் புத்திசாலித்தனம். அரளி, காகிதப்பூ, நித்தியகல்யாணி, பட்டுரோஜா, தரையில் இடமிருந்தால் பூவரசும் புன்னையும் இந்தக் கரைக்கு ஏற்றவை.

ரோஜாவை விட மனமில்லை என்றால் ஐப்பசி மழையைப் பயன்படுத்துங்கள். 100 சதுர அடி மொட்டை மாடியில் 1 செ.மீ. மழை பெய்தால் 93 லிட்டர் தண்ணீர் விழும். சேதாரம் போக 75 லிட்டராவது டிரம்மில் சேரும். முதல் மழையை மட்டும் தளத்தைக் கழுவ விட்டுவிடுங்கள். 12 அங்குலத் தொட்டியில் ஏறக்குறைய 20 லிட்டர் மண் இருக்கும். அதைப்போல் இரண்டு மடங்கு, அதாவது 40 லிட்டர் மழைநீரை, ஒரே மூச்சில் கொட்டாமல் நான்கு தவணையாக ஒரு மணி நேரத்தில் ஊற்றுங்கள். அடித்துளை வழியாக ஓடும் தண்ணீரை வெளியே போகவிடுங்கள், தட்டில் தேங்கினால் உப்பு திரும்பவும் மேலேறும். கோடையில் மாதம் ஒருமுறை இப்படிச் செய்யலாம்.

தினமும் ஒரு சொம்பு வீதம் ஊற்றுவது பலர் செய்யும் தவறு. தண்ணீர் ஆவியாகும், உப்பு மண்ணிலேயே நிற்கும். ஊற்றினால் அடியில் வடியும்வரை ஊற்ற வேண்டும், பிறகு மேல்மண் ஒரு விரற்கடை காயும்வரை விட வேண்டும். சாம்பல் சத்துக்கு மியூரியேட் ஆஃப் பொட்டாஷ் வேண்டாம், அதில் குளோரைடு உண்டு. சல்பேட் ஆஃப் பொட்டாஷ் கேட்டு வாங்குங்கள். எந்த நோய்க்கும் ஒரு ஸ்பூன் எப்சம் உப்பு என்று இப்போது எல்லோரும் சொல்கிறார்கள். உங்கள் தொட்டிக்கு இன்னொரு உப்பு தேவையே இல்லை. தென்னை நார்க்கழிவு கலப்பதாக இருந்தால் அதையும் இரண்டு மூன்று முறை ஊறவைத்துப் பிழிந்த பிறகே கலக்கவும், கழுவாத நாரிலும் உப்பு இருக்கும்.

கேள்வி: குண்டுமல்லியை எப்போது கவாத்து செய்வது? போன சீசனில் மொட்டு ஊதா நிறமாகி உதிர்ந்தது.
– வாசகர், லாஸ்பேட்டை, புதுச்சேரி

நவம்பர் கடைசி வாரம் என்பது பொதுவான கணக்கு. புதுச்சேரியிலும் கடலூரிலும் அது அடைமழை நேரம். வெட்டிய முனையில் தண்ணீர் நின்றால் கிளை மேலிருந்து கருகி இறங்கும். ஆகவே தேதியைவிட வானத்தைப் பாருங்கள். இரண்டு மூன்று நாள் வெறித்தால் உடனே வெட்டுங்கள், இல்லையென்றால் டிசம்பர் நடுப்பகுதிவரை காத்திருக்கலாம். அதற்கு மேல் தள்ளினால் மார்ச் மாதப் பூ பின்தங்கும்.

தரையில் உள்ள செடியை நிலத்திலிருந்து 45 முதல் 50 செ.மீ. உயரத்தில் வெட்டவும். தொட்டிச் செடிக்கு ஓர் அடி போதும். நோஞ்சான் கிளை, காய்ந்த குச்சி, உள்ளுக்குள் குறுக்கே ஓடும் கிளை எல்லாவற்றையும் அடியோடு எடுத்துவிடுங்கள். பெருவிரல் பருமனுள்ள வெட்டுக்குக் காப்பர் ஆக்ஸிகுளோரைடு என்ற பூஞ்சணக்கொல்லியைக் குழைத்துத் தடவவும். மல்லி புதுத் தளிரில்தான் பூக்கும், அதனால் கையை இழுத்துப் பிடிக்க வேண்டாம்.

கவாத்து முடிந்ததும் தரைச் செடிக்குத் தொழு உரம் 10 கிலோ. ஓர் ஆண்டுக்கு யூரியா 130 கிராம், சூப்பர் பாஸ்பேட் 750 கிராம், பொட்டாஷ் 200 கிராம். இவற்றில் பாதியை இப்போதும், மீதியை ஜூன், ஜூலையிலும் இடலாம். இது தோட்டக் கணக்கு. தொட்டியில் போட்டால் வேர் கருகிவிடும். அங்கே இரண்டு பிடி மண்புழு உரமும் ஒரு பிடி வேப்பம் புண்ணாக்கும் போதும்.

ஊதா மொட்டுக்குக் காரணம் மொட்டு ஈ. அதன் புழு மொட்டின் அடியில் இருந்து தின்னும். அடி வீங்கி, நிறம் மாறி, மொட்டு காய்ந்துவிடும். மொட்டில் துளையும் நூல் பின்னலும் தெரிந்தால் அது மொட்டுப்புழு, வேறு பூச்சி. இரண்டுக்கும் பாதிக்கப்பட்ட மொட்டுகளைப் பறித்து சோப்புத் தண்ணீரில் போடுவதுதான் முதல் வேலை. ஈயின் புழு மண்ணில் இறங்கித்தான் கூட்டுப்புழுவாகிறது. அதனால் உதிர்ந்ததைக் கூட்டி அள்ளுங்கள், மேல்மண்ணைக் கொத்திக் காயவிடுங்கள். இவற்றைச் செய்யாமல் மருந்து மட்டும் தெளித்தால் பலன் பாதிதான்.

வேப்பங்கொட்டைப் பருப்பு 50 கிராமை இடித்து ஒரு லிட்டர் தண்ணீரில் இரவு ஊறவைத்து வடிகட்டி, சில துளி காதி சோப்புக் கரைசல் சேர்த்து, வெயில் தாழ்ந்த பிறகு தெளியுங்கள். அன்றைய மொட்டைப் பறித்த பிறகே தெளிக்க வேண்டும் என்று சொல்லத் தேவையில்லை. தலையில் வைக்கும் பூ அல்லவா! இலை வெளுத்து நரம்பு மட்டும் பச்சையாக இருந்தால் அது இரும்புச் சத்துக் குறை. ஒரு லிட்டருக்கு 5 கிராம் ஃபெரஸ் சல்பேட் கரைத்து மாதம் ஒருமுறை தெளிக்கவும்.

கேள்வி: அடினியம் தண்டு மழையில் கொழகொழத்துவிட்டது. பிழைக்குமா?
– வாசகி, நெல்லிக்குப்பம்

வேர்க்கழுத்து முழுவதும் குழைந்திருந்தால் பிழைக்காது. பக்கத்தில் மட்டும் என்றால், சுத்தமான கத்தியால் பழுப்பு நிறம் போய் வெள்ளைச் சதை தெரியும்வரை வெட்டுங்கள். வெட்டில் கந்தகத் தூள் தடவி, மண்ணில்லாமல் நிழலில் தொங்கவிடுங்கள். வெயில் காலத்தில் ஒரு வாரம் போதும், கார்த்திகை ஈரத்தில் இரண்டு வாரமாகலாம். பாதிக்குப் பாதி ஆற்று மணலோ செங்கல் பொடியோ கலந்த காய்ந்த மண்ணில் நட்டு, ஒரு வாரம் கழித்தே தண்ணீர். அடுத்த வருஷம் அக்டோபரிலேயே தாழ்வாரத்துக்குள் வையுங்கள்.

கேள்வி: ஜனவரியில் பூவோடு வாங்கிய சாமந்தி அப்புறம் பூக்கவே இல்லை. இலை மட்டும் தளதளவென்று இருக்கிறது.
– வாசகர், திருப்பாதிரிப்புலியூர்

தொட்டிக்கு மேலே தெருவிளக்கு எரிகிறதா? சாமந்தி மொட்டு வைக்க நீண்ட இருட்டு வேண்டும். இரவெல்லாம் வெளிச்சம் விழுந்தால் இலைதான் வரும். இடத்தை மாற்றுங்கள். பூ முடிந்ததும் நான்கு விரல் உயரம் விட்டு வெட்டி, கோடையைப் பாதி நிழலில் கடத்தி, ஜூன், ஜூலையில் பக்கக் கன்றுகளைப் பிரித்து நட வேண்டும். நட்ட நான்காவது வாரம் நுனியைக் கிள்ளினால் கிளை கூடும்.

கேள்வி: இரண்டாவது மாடியில் மாலை வேளையில் உட்கார ஒரு பசுமையான மூலை அமைக்க ஆசை. எங்கே, எப்படி?
– வாசகி, ரெட்டியார்பாளையம்

கிழக்கை அடைக்காதீர்கள். பிற்பகலில் வரும் கடல் காற்றுதான் நம் ஊர்க் கோடைக்கு மருந்து. செடிச் சுவரை மேற்கில் எழுப்புங்கள். வெயிலோடு ஆனி, ஆடி மேல்காற்றின் அனலையும் அது தடுக்கும். பெரிய தொட்டியில், குறைந்தது 18 அங்குல ஆழத்தில், ரங்கூன் மல்லி ஏற்றலாம். மாலையில் வெள்ளையாக விரிந்து பிறகு சிவக்கும், வாசமும் உண்டு. அது பந்தலை மூடும்வரை சங்குப்பூ விதை போட்டுச் சமாளிக்கலாம். மேலே 50 சதவீத நிழல்வலை போதும், 75 போட்டால் பூச்செடி வெளுத்து நீளும்.

பாரத்தையும் பாருங்கள். 12-க்கு 12 அங்குல குரோ பேக் நனைந்தால் 25 கிலோவரை வரும். தளத்தின் நடுவில் குவிக்காமல் சுவரையும் உத்தரத்தையும் ஒட்டி வரிசையாக வையுங்கள். மர உத்தரத்தின்மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துப் போட்ட பழைய மெட்ராஸ் டெரஸ் தளமென்றால் பொறியாளரைக் கேட்காமல் எதுவும் ஏற்ற வேண்டாம்.

30.12.2011 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையில்தான் கரை கடந்தது. ஆகவே நிழல்வலையை நிரந்தரமாகத் தைத்துவிடாமல், பத்து நிமிடத்தில் அவிழ்க்கும்படி கொக்கியில் மாட்டுங்கள். இல்லையென்றால் காற்று அதைக் கப்பல் பாயாக்கிக் கம்பியோடு பிடுங்கும். கைப்பிடிச் சுவர்மேல் உள்ள தொட்டிகளை எச்சரிக்கை வந்ததும் கீழே இறக்கிவிடுங்கள்.

கொசு இல்லாமல் உட்கார வேண்டுமானால் தொட்டித் தட்டுகளை வாரம் ஒருமுறை கவிழ்த்து, உள்பக்கத்தைத் தேய்த்துக் கழுவுங்கள். தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது. டெங்கு கொசுவின் முட்டை விளிம்பில் ஒட்டிக்கொண்டு, அடுத்த தண்ணீருக்குப் பொரிந்துவிடும்.