பழைய ஃபிட்னஸ் பேண்டைக் கைமாற்றும் முன்

கேள்வி: மகன் வாங்கிக் கொடுத்த ஃபிட்னஸ் பேண்டைக் கட்டிக்கொண்டு இரண்டு வருடமாகக் கிருஷ்ணகிரி அணைப் பக்கம் காலையில் நடக்கிறேன். இப்போது வேறு கம்பெனி பேண்ட் வாங்கிவிட்டதால் பழையதை ஓசூரில் இருக்கும் நாத்தனார் மகளுக்குக் கொடுக்கப் போகிறேன். போனிலிருந்து ஆப்பை எடுத்துவிட்டேன். என் நாடித்துடிப்பு, தூக்கக் கணக்கெல்லாம் அழிந்திருக்கும்தானே?
– வாசகி, காவேரிப்பட்டணம்

பதில்: இல்லைம்மா, அழியவில்லை. பாஸ்புக்கைக் கிழித்துப் போட்டால் வங்கிக் கணக்கு மூடிவிடுமா? பேண்டில் தங்குவது கொஞ்ச நாள் விவரம்தான், மீதியெல்லாம் உங்கள் மின்னஞ்சல் பெயரில் கம்பெனியின் சர்வரில் இருக்கும். அதனால் ஆப்பைத் திரும்ப இறக்கி, அதே மின்னஞ்சலில் உள்ளே போங்கள்.

அழிக்கும் முன் ஒரு நகல் எடுத்து வையுங்கள், டாக்டரிடம் காட்ட உதவும். அப்புறம் பல ஆப்களின் உடல்நல விவரத்தைப் போனில் ஒரே இடத்தில் சேர்த்து வைக்கும் வசதி ஒன்று இருக்கும், ஆண்ட்ராய்டு போன் என்றால் ஹெல்த் கனெக்ட், ஐபோன் என்றால் ஹெல்த் ஆப், இவற்றையும் திறந்து பாருங்கள், ஏனென்றால் அங்கே போய்ச் சேர்ந்த விவரத்தைத் தனியாகத்தான் அழிக்க வேண்டும். பிறகு பேண்டைக் கணக்கிலிருந்து விலக்கி ஃபேக்டரி ரீசெட் (உள்ளே இருப்பதை அழித்துப் புதிதுபோல் ஆக்குவது) செய்துவிட்டு, கடைசியாக ஆப்பின் செட்டிங்ஸில் கணக்கையே நீக்குங்கள்.

எதற்கு இவ்வளவு என்று நினைக்க வேண்டாம். லொகேஷன் அனுமதி கொடுத்திருந்தால், ஆப்பில் நடைப் பயிற்சியின் மேப்பைத் திறந்து பாருங்கள்: கோடு உங்கள் வாசலில் தொடங்கி, அணைக்கரையைத் தொட்டு, திரும்ப உங்கள் வாசலிலேயே முடியும், பக்கத்திலேயே கிளம்பிய நேரமும் இருக்கும். தினமும் எத்தனை மணிக்கு வீட்டில் இருக்க மாட்டீர்கள் என்பது அதில் எழுதி வைத்த மாதிரி தெரிகிறது. 2018 ஜனவரியில், ஓட்டத்தையும் நடையையும் பதிவு செய்யும் ஸ்ட்ராவா ஆப்பின் உலக மேப்பில் ராணுவ முகாம்களின் பாதைகளே வெளிச்சமாகத் தெரிந்துவிட்டன, வீரர்கள் ஓடிய ஓட்டத்தால் வந்தது அது.

கம்பெனி அழிக்க மறுத்தால்? 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 12-ஆம் பிரிவு, நம் விவரத்தை அழிக்கக் கேட்கும் உரிமையைத் தருகிறது. சட்டம் படிப்படியாகத்தான் நடைமுறைக்கு வருகிறது, இருந்தாலும் கம்பெனியின் குறைதீர் அலுவலருக்கு இப்போதே மின்னஞ்சல் எழுதுங்கள், நகலைப் பத்திரப்படுத்துங்கள்.

நாத்தனார் மகளுக்கு அவள் பெயரிலேயே புதுக் கணக்கு தொடங்கச் சொல்லுங்கள். பதினெட்டு வயது ஆகவில்லை என்றால் அம்மா அப்பா பக்கத்தில் இருந்து தொடங்கட்டும், லொகேஷன் அனுமதியை அன்றே அணைத்துவிடட்டும்.