1943 லண்டன் பெண்ணுக்கு எந்த ஸ்டாக்கிங்ஸ்?

கேள்வி: எங்கள் கல்லூரி நாடகம் 1943 லண்டனில் நடக்கிறது. நாயகி அலுவலகத்தில் தட்டச்சு செய்பவள். பளபளப்பான நைலான் ஸ்டாக்கிங்ஸ் (தொடைவரை வரும் மெல்லிய காலுறை) வாங்கியிருக்கிறோம். சரியாக இருக்குமா?

பதில்: இருக்காது. முடிந்தால் கடையில் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அன்று இரண்டாம் உலகப் போர் நடந்ததால் நைலானெல்லாம் பாராசூட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. பட்டு ஸ்டாக்கிங்ஸ் கடைக்கு வருவதை 1940 டிசம்பரிலேயே பிரிட்டிஷ் அரசு தடுத்துவிட்டது. கதையில் அமெரிக்கச் சிப்பாய் யாராவது பரிசாகத் தந்தால்தான் நைலானுக்கு வழி. அப்படிக் கிடைத்தாலும் அதைத் தினமும் ஆபீசுக்குப் போட்டுத் தீர்க்க மாட்டாள்.

துணி ரேஷன் தொடங்கியது 1941 ஜூன் 1. முதல் ஆண்டுக்கு ஆளுக்கு 66 கூப்பன், பிறகு அதுவும் குறைந்தது. ஒரு கம்பளி கவுனுக்கே 11 போய்விடும். ஸ்டாக்கிங்ஸ் ஜோடிக்கு 2. எனவே உங்கள் நாயகி போடுவது ரேயான் (செயற்கைப் பட்டு) அல்லது பருத்தி. ரேயானுக்கு நைலான் போல இழுபட்டு மீளும் குணம் கிடையாது. முட்டியில் தொளதொளக்கும், கணுக்காலில் சுருங்கி நிற்கும். ஈரத்தில் வலுவும் குறைந்துவிடும், அதனால் துவைக்கும்போதே பயம். இந்தச் சுருக்கம் மேடையில் தெரிய வேண்டும் என்பதே என் ஆசை. பளபளப்பில்லாத பழுப்பு நிறத்தில், பின்பக்கம் தையல் கோடு உள்ளதாக, ஓர் அளவு பெரிதாக வாங்குங்கள். குதிகாலில் சற்றே நிறம் மாறிய நூலால் இழையோட்டிவிடுங்கள். இடுப்புவரை வரும் டைட்ஸ் வேண்டாம், அது பிற்காலத்துச் சரக்கு.

கோடைக் காட்சி இருந்தால் வெறுங்கால்தான் அழகு. கூப்பனை மிச்சம் பிடிக்க, இறைச்சிக் குழம்புக்கு நிறம் சேர்க்கும் பழுப்புக் கலவையையே, ஸ்டாக்கிங்ஸ் போட்டதுபோலத் தெரிய, காலில் பூசிக்கொண்டார்கள். தோழி பின்னால் குனிந்து, ஐப்ரோ பென்சிலால் தையல் கோடு போட்டுவிடுவாள். நடனத்துக்குக் கிளம்பும் காட்சியில் இதை வைத்தால் வசனமே தேவையில்லை. வரையும்போது நடிகை இரண்டு காலிலும் சமமாக ஊன்றி நிற்கட்டும். ஒரு முட்டி மடிந்தாலும் கோடு கோணிவிடும். குதிகாலில் தொடங்கி, பாவாடை விளிம்புக்கு மேல் நாலு விரல் வரை இழுங்கள், உட்காரும்போது பாவாடை ஏறும். அப்புறம், முட்டியின் பின்மடிப்பில் வியர்வைக்கு மை ஈஷும். அங்கே மட்டும் கொஞ்சம் பவுடர் தட்டிவிடுங்கள்.